தேவாங்கும் விழாத மென்பொருளும்

ஒரு காட்டில் ஒரு நூலகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு நூலகம் என்று கேட்பவர்கள், தங்கள் ஊரில் எதற்கு இருக்கிறது என்று முதலில் யோசித்துப் பார்க்கட்டும். பதில் கிடைத்தால் வந்து கதையைக் கேட்கலாம். கிடைக்காவிட்டாலும் வரலாம், கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நூலகம் இருந்தது ஒரு பழைய ஆலமரத்துப் பொந்தில். பொந்து என்றால் ஏதோ கிளி முட்டையிடுகிற பொந்து என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கரடிக் குடும்பம் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரியது. கரடிகளும் ரொம்ப நாளாக அதன் மேல் ஒரு கண் வைத்திருந்தன. உள்ளே அடுக்கடுக்காக அலமாரிகள், அலமாரி நிறையப் புத்தகங்கள், வாசலில் ஒரு கணினி, கணினிக்குப் பின்னால் நூலகர்.

நூலகர் ஒரு தேவாங்கு. பெயர் நிதானி. தேவாங்குகள் பகலில் தூங்குகிற இனம். அந்த ஒரு தகுதியை வைத்தே அவளுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது என்று பொறாமைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அவள் இந்த வேலைக்காகவே பகலில் விழித்திருக்கப் பழகிக்கொண்டவள். அவசரம் மட்டும் அவளிடம் கிடையாது. ஒரு புத்தகம் கேட்டால் முதலில் ஒரு கையை நகர்த்துவாள். யோசிப்பாள். பிறகு அடுத்த கையை நகர்த்துவாள். முயல் ஒன்று குழந்தை வளர்ப்புப் புத்தகம் கேட்டு நின்றபோது, புத்தகம் கைக்கு வருவதற்குள் குழந்தைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போய்விட்டதாகச் சொல்வார்கள். ஆனாலும் புத்தகம் வந்துவிடும். கேட்ட புத்தகமே வரும். எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எதற்குப் பக்கத்தில் என்று அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். வேலை முடிந்து கிளம்பும்போது அலமாரிகளைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மரத்தை விட்டு இறங்குவாள். அவளுக்குச் சொந்தபந்தம் என்று இருந்தவை அவைதான்.

அவளுக்கு இருந்த ஒரே தலைவலி அந்தக் கணினிக்குள் இருந்த மென்பொருள்.

முதல் மென்பொருளை எழுதியது குரங்கு. இருக்கிற கிளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிரே தெரிகிற கிளை இதைவிடப் புதியது என்பது குரங்கின் கொள்கை. பருவத்துக்கு ஒருமுறை பழையதைக் கடாசிவிட்டு வேறொன்றுக்குத் தாவும். தாவும்போது பழைய தகவல்கள் கையிலிருந்து நழுவிக் கீழே கொட்டும். "அதெல்லாம் பழசுக்கா, விடுங்கக்கா" என்று பல்லைக் காட்டும். ஒருமுறை அப்படித் தாவியதில் யார் எதை எடுத்தார்கள் என்ற விவரம் கலைந்துபோய், 'மான் கறி சமைப்பது எப்படி' என்ற புத்தகம் மானின் பெயரில் ஏறிவிட்டது. மானின் சொந்தக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். இன்றுவரை அந்த வீட்டில் விசேஷம் என்றால் யாரும் வருவதில்லை.

இரண்டாவதாக வந்தது மயில். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றது மயில். அழகாகத்தான் இருந்தது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் திரையில் ஒரு தோகை விரியும். விரிந்து, சிலிர்த்து, மெதுவாக மடங்கி முடித்த பிறகுதான் புத்தகத்தின் பெயர் வரும். நிதானிக்கே அது தாமதமாகத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாசகர் வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நீண்டது. போதாததற்கு, வானம் கறுத்தால் மென்பொருள் ஆட ஆரம்பித்துவிடும். மழை விடுகிற வரைக்கும் யாருக்கும் புத்தகம் கிடையாது. அந்த வருஷம் பார்த்து நல்ல மழை.

விஷயம் சிங்கராஜாவின் காதுக்குப் போயிற்று. கொண்டுபோனவை கரடிகள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேன் வைக்க இடமில்லை, ஆலமரத்துப் பொந்து வீணாகக் கிடக்கிறது என்று அவை மூக்கால் அழுதன. ராஜா உத்தரவு போட்டார்.

"வர்ற மழைக்காலம் முடிஞ்சதும் தணிக்கை அதிகாரி வருவார். அன்னிக்கு அமைப்பு விழாம நின்னா நூலகம் இருக்கும். விழுந்தா அது தேன் கிடங்கு. புத்தகத்தை எல்லாம் ஆத்துல விட்டுடலாம்."

இதைக் கேட்டதும் நிதானி அலமாரிகளைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரிகள் இருக்கிற இடத்தில் தேன் பானைகள் வரிசையாக இருப்பது போலக் கண்ணுக்குத் தெரிந்தது. அவளுடைய கண்கள் பெரியவை, பானைகளும் பெரியதாகவே தெரிந்தன.

விழாத ஒன்றைக் கட்டத் தெரிந்தவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டே வேலைக்குப் போகிறபோது வழியில் ஒரு கரையான் புற்றைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற புற்றுதான். அதில் யானைகள் முதுகு தேய்த்திருக்கின்றன. வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு தேக்குமரம் அதன் மேல் விழுந்து, மரம் இரண்டாக முறிந்தது. புற்று அப்படியே நின்றது. நிதானி அங்கேயே நின்று குரல் கொடுத்தாள்.

தலைமை வடிவமைப்பாளர் செல்லரசி வெளியே வந்தாள். கறாரான பேச்சு, சுறுசுறுப்பான கால்கள். கரையான்களுக்குப் பொதுவாகக் கண் தெரியாது. வடிவமைப்பு வேலைக்கு அது ஒரு குறையாக யாரும் கருதுவதில்லை.

"யாரு?"

"நூலகத்திலேர்ந்து வரேம்மா. தேவாங்கு."

செல்லரசி சட்டென்று பின்வாங்கினாள். தேவாங்குகள் கரையானை விரும்பிச் சாப்பிடும்.

"தின்ன வந்தீங்களா, பேச வந்தீங்களா?"

"பேசத்தான். எங்க மென்பொருள் நிக்கவே மாட்டேங்குது."

"எப்படி நிக்கும்?" என்றாள் செல்லரசி, குரலில் தைரியம் வந்து. "ஒண்ணு இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அது விழுறப்போ இதுவும்தான் விழும். எங்க புத்துல எந்தச் சுவரும் இன்னொரு சுவரை நம்பி நிக்காது. எதை உருவினாலும் மிச்சம் நிக்கணும். கட்டினதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா உருவிப் பார்ப்போம். உருவிப் பார்க்காம, நிக்கும்னு எப்படிச் சொல்ல முடியும்?"

நிதானிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவள் நூலகர். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட மாட்டாள். அதைக் கேட்க வாயைத் திறந்து, கூச்சப்பட்டு, மூடி, மறுபடி திறப்பதற்குள் செல்லரசி உள்ளே போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கல்லாம் புத்தகம் தின்னுவீங்கன்னு..."

"அது எங்க பெரியப்பா, சித்தப்பா காலத்தோட போச்சுக்கா. இப்போ எல்லாரும் தொழில்நுட்பத்துக்கு வந்துட்டோம். வேணும்னா சத்தியம் பண்றேன். பசிக்காக ஒரு பக்கத்தைக்கூட எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. காஞ்ச மூங்கிலும் சருகும் போடுங்க, போதும். ஆனா நீங்களும் ஒரு சத்தியம் பண்ணணும்."

"சரி. பசிக்காக உங்க ஆளுங்க ஒருத்தரைக்கூட நான் தொட மாட்டேன்."

இரண்டு தரப்புக்கும் திருப்தி. இந்த இடத்தில் உங்களில் சிலர் தலையில் அடித்துக்கொள்வது கேட்கிறது. புத்தகம் இருக்கிற இடத்துக்குக் கரையானையா கூட்டி வருவாள் என்று. உங்கள் அலுவலகத்தில் மென்பொருள் போட யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

வேலை ஆரம்பித்தது. குரங்கு வேலை செய்த நாளில் காடே அதிரும். கரையான்கள் செய்தபோது ஒரு சத்தமும் இல்லை. மண்ணைக் குழைத்துக்கொண்டு எங்கோ உள்ளே போயின, வந்தன. நிதானி சொன்னபடி மூங்கிலும் சருகும் வைத்தாள். செல்லரசி மென்பொருளைப் புற்று மாதிரியே கட்டினாள். புத்தகங்களின் விவரம் ஒரு அறையில். உறுப்பினர்கள் இன்னொரு அறையில். இரவல் போவதும் வருவதும் வேறொரு அறையில். நடுவே சின்னச் சின்ன வாசல்கள். ஒரு அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது.

"தெரிஞ்சா என்ன?" என்று நிதானி கேட்டாள்.

"தெரிஞ்சா நம்ப ஆரம்பிச்சுடும். நம்பினா விழுந்துடும்."

அவ்வப்போது உருவிப் பார்க்கிற சோதனை நடந்தது. முதலில் மின்சாரத்தை உருவினார்கள். மென்பொருள் விழாமல் நின்றது. குரங்கு விட்டுப்போன மிச்சம்மீதியை உருவினார்கள். நின்றது. மயிலின் தோகையை உருவினார்கள். நின்றதோடு ஓடவும் ஆரம்பித்தது. மயில் மட்டும் ஒரு சாயங்காலம் வந்து, திரையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போயிற்று.

அடுத்து செல்லரசி நிதானியிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்ச நாள் லீவு போடணும்."

"எனக்கு லீவு வேண்டாமே."

"உங்களுக்கு வேணாம். சோதனைக்கு வேணும்."

நிதானி வீட்டுக் கிளையில் போய் உட்கார்ந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. புத்தகங்கள் போயிருந்தன, வந்திருந்தன. வரிசையே இல்லை. அவளைத் தேடி யாரும் வரவும் இல்லை. மான் மட்டும், "எங்கேயாவது போயிருந்தீங்களா என்ன?" என்று போகிற போக்கில் கேட்டது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். நான் இல்லாவிட்டால் என்ன, நூலகம் நின்றால் போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தணிக்கைக்கு முன்னால் இரவல் போன புத்தகம் அத்தனையும் உள்ளே வந்தாக வேண்டும். இது நூலகங்களில் தொன்றுதொட்டு இருக்கிற வழக்கம். புத்தகங்களை எல்லாம் யாரும் படிக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்து, அடுக்கி, எண்ணிப் பார்த்தால்தான் நூலகம் நன்றாக நடக்கிறதா என்று தெரியும். இதற்காகச் செல்லரசி மென்பொருளோடு கிளிகளை இணைத்துக் கொடுத்தாள். கிளிகள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து, எடுத்தவர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் ஊர் கேட்கக் கத்தின.

"ஓநாயே! 'சைவ உணவின் சுகங்கள்' புத்தகத்தைத் திருப்பிக் கொடு!"

"சிறுத்தையே! 'இடிச் சத்தத்துக்குப் பயப்படாமல் இருப்பது எப்படி' புத்தகத்தைத் திருப்பிக் கொடு!"

இரண்டாவது முறை கத்த வேண்டியே வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு எல்லா விலங்குகளும் வந்து புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போயின. மான் ஒரு கிளியும் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டது. அது எப்போதும் அப்படித்தான். எடுத்த புத்தகத்தைப் படித்து முடிக்காவிட்டாலும் கெடு தவறாமல் கொண்டுவந்துவிடும்.

கொடுக்காதவன் ஒருவன்தான். பாறைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்த முள்ளம்பன்றி சிலுப்பன். தன் பெயரில் எடுத்தது போதாமல் மனைவி பெயரில், மச்சான் பெயரில், செத்துப்போன அத்தைகளின் பெயரில் எல்லாம் புத்தகம் எடுத்திருந்தான். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்த சரித்திரம் கிடையாது. அவன் வாசலுக்குப் போன கிளி வாலில் பாதியை விட்டுவிட்டு வந்தது. கடைசியில் நிதானியே நேரில் போனாள்.

"சிலுப்பண்ணே."

"நான் இல்லை."

"குரல் கேக்குதே."

"குரல் இருக்கு. நான் வெளியூர் போயிருக்கேன்."

"தணிக்கை வருதுண்ணே. புத்தகத்தையெல்லாம் கொடுத்துடுங்க."

"படிச்சுக்கிட்டிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

நிதானி வளைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். குளிர்காற்று வராமலிருக்கச் சுவர் ஓரமாகப் புத்தகங்களை அடுக்கியிருந்தான். கட்டில் புத்தகம். தலைக்கு அகராதி. பாம்பு நுழையாமலிருக்க வாசலில் இரண்டு கனத்த கலைக்களஞ்சியங்கள். ஒன்றையாவது பிரித்த அடையாளம் இல்லை. அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"நீங்க ஒரு திருடன்ணே! காடு பூரா கொண்டாந்து கொடுத்தாச்சு. உங்க ஒருத்தராலதான் என் நூலகம் போகப்போகுது!"

சிலுப்பன் முதுகைத் திருப்பிக்கொண்டான். முள்ளம்பன்றி முதுகைத் திருப்பிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச்சை வளர்ப்பதில்லை. நிதானி தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள். நல்லவர்கள் கொடுத்தார்கள், கெட்டவன் கொடுக்கவில்லை. இதுவரை கதை ஒழுங்காகத்தான் போகிறது.

மழைக்காலம் வந்தது. நூலகத்தைப் பூட்டினார்கள். உள்ளே கரையான்கள் மட்டும் கடைசி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள், தணிக்கை அதிகாரி மத்தகத்தார் வந்து சேர்ந்தார்.

மத்தகத்தார் யானை. பொந்துக்குள் நுழைய முடியாது. நுழைய முடியாத இடங்களை வெளியே நின்று தணிக்கை செய்வது அவருடைய நெடுநாள் முறை. எலி வளை, குளவிக்கூடு எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். எங்கேயும் குறை கண்டதில்லை. அவருக்குப் பின்னாலேயே கரடிகளும் வந்தன. சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னாலும் ஆளுக்கொரு பானையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தன.

மத்தகத்தார் திரையைப் பார்த்தார். புத்தகத்தின் பெயர்கள் வரிசையாக ஓடின. சிலுப்பன் எடுத்தவை போக மற்ற ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை நிறத்தில் 'உள்ளது' என்று இருந்தது. மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். திரை அணையவில்லை. "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மா" என்று நிதானியை விலக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. துதிக்கையால் மரத்தையே ஒரு உலுக்கு உலுக்கினார். கரடிகள் மேல்தான் இலை உதிர்ந்தது.

"பேஷ்! இந்த மாதிரி உறுதியான அமைப்பை நான் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு முள்ளம்பன்றி மட்டும் புத்தகம் தரலை போல. அதைப் பார்த்துக்கலாம். சம்பிரதாயத்துக்கு ஒரே ஒரு புத்தகம் எடுத்துக் கொடும்மா, முடிச்சுக்கலாம். 'பாத வெடிப்பும் பச்சிலையும்'னு ஒண்ணு இருக்காமே. எனக்கு இந்தப் பின்னங்கால் பெரிய தொந்தரவா இருக்கு."

திரையில் பார்த்தார்கள். உள்ளது.

நிதானிக்கு ஒரே குஷி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் ஒருவர் புத்தகம் கேட்டிருக்கிறார். ஒரு கையை நகர்த்தி, யோசித்து, அடுத்த கையை நகர்த்தி மூன்றாவது அலமாரியின் மேல்தட்டுக்குப் போனாள். புத்தகம் அதே இடத்தில், அதே பக்கத்துப் புத்தகத்தோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. எடுத்தாள். கனம் இல்லை. திறந்தாள். அட்டைக்குள் பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. அறை அறையாக, வாசல் வாசலாக, அருமையாகக் கட்டிய மண்.

அடுத்த புத்தகத்தை எடுத்தாள். மண். அதற்கடுத்தது, கீழ்த்தட்டு, எதிர் அலமாரி, எல்லாம் மண். அட்டைகள் மட்டும் நிமிர்ந்து நின்றன.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். வெளியே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடைசிச் சோதனைக்கா," என்றாள் செல்லரசி தட்டின் விளிம்பில் நின்றபடி. "மழையிலயே முடிச்சுட்டோம். புத்தகத்தையெல்லாம் உருவிப் பார்த்தோம். அமைப்பு அசையக்கூட இல்லை. பார்த்தீங்கள்ல, எல்லாம் பச்சை."

"தொட மாட்டோம்னு சத்தியம் பண்ணினீங்களே!"

"பசிக்காகத் தொட மாட்டோம்னு பண்ணினோம். இது பசிக்காகவா? நீங்க போட்ட மூங்கிலே எங்களுக்கு மிச்சம். சோதனையாச்சேன்னு பாவம், ஒவ்வொருத்தரும் கஷ்டப்பட்டுத் தின்னாங்க."

"புத்தகம் இல்லாம இது நூலகமா?"

"விழாத அமைப்பு வேணும்னுதானேக்கா கேட்டீங்க? இவ்வளவு நாள் அது எதை நம்பி நின்னுச்சு? புத்தகத்தை. நனைஞ்சா போச்சு, கிழிஞ்சா போச்சு, தொலைஞ்சா போச்சு. அவ்வளவு பலவீனமான ஒண்ணை நம்பி யாராவது நூலகம் கட்டுவாங்களா? இனிமே உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை."

செல்லரசி மனதாரத்தான் சொன்னாள். தன் வேலையில் அவளுக்கு அவ்வளவு பெருமை. நிதானியின் முகத்தை அவளால் பார்க்க முடியாது, பார்த்திருந்தால் பேச்சைக் கொஞ்சம் சுருக்கியிருப்பாள்.

"என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெளியே மத்தகத்தார் குரல் கேட்டது. கரடிகள் பானையைக் கீழே வைத்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்திருந்தன.

உண்மையைச் சொன்னால் நூலகம் இன்றோடு தேன் கிடங்கு. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. எதையும் ஆற அமர யோசிக்கிற நிதானி அன்றைக்குத்தான் முதன்முதலாக வேகமாக யோசித்தாள். இந்தக் காட்டில் பக்கங்களோடு இருக்கிற புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது? பதில் வந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

வெளியே வந்து கும்பிட்டாள்.

"ஐயா, நீங்க கேட்டது சின்னக் கால்களுக்கு எழுதினது. ஆடு மாடு படிக்கிறது. உங்களுக்கு ஏத்தது 'பெரும்பாத மருத்துவம்'தான். அது சிலுப்பன்கிட்ட இருக்கு."

பெரும்பாதம் என்ற வார்த்தையை மத்தகத்தார் காது குளிரக் கேட்டார். "நானே போய் வாங்கிக்கறேன். அவனையும் ஒரு பார்வை பார்க்கணும்" என்று கிளம்பினார்.

வளைக்குள் படுத்திருந்த சிலுப்பன் மேல் மண் உதிர்ந்தது. எட்டிப் பார்த்தான். வாசலில் நான்கு தூண்கள் நின்றன. யாருக்கும் பயப்படாத முள்ளெல்லாம் தானாகப் படிந்துவிட்டது. கேட்ட புத்தகத்தைக் கட்டிலின் காலிலிருந்து உருவி வெளியே தள்ளினான். மத்தகத்தார் அங்கேயே நின்று படித்தார். முதல் பத்தியிலேயே அவருடைய பின்னங்கால் நோவு அப்படியே எழுதியிருந்தது. ஆனந்தமாகிவிட்டார்.

"மிச்சப் புத்தகமெல்லாம் நாளைக்குள்ள நூலகத்துல இருக்கணும்," என்றார் போகும்போது. "இல்லேன்னா வந்து இந்த வளை மேல உட்காருவேன்."

அமைப்பு விழாது, கேட்ட புத்தகம் கிடைக்கிறது என்று ராஜாவிடம் சொல்லப்பட்டது. கரடிகள் பானையை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போய்விட்டன. நூலகம் பிழைத்தது.

நிதானி உள்ளே போனாள். கரையான்கள் கூடிக் கொண்டாடிக்கொண்டிருந்தன.

"ஜெயிச்சுட்டோம்கா!" என்றாள் செல்லரசி.

"ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கும்மா."

"என்னது?"

"அமைப்பு உங்களை நம்பி நிக்குதான்னு பார்க்க வேண்டாமா?"

செல்லரசி தொழில் தெரிந்தவள். ஒரு கணம் யோசித்தாள். "நியாயமான கேள்விதான்கா. இதை நாங்களே யோசிச்சிருக்கணும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"பசிக்காக இல்லை," என்றாள் நிதானி, மென்றுகொண்டே. கூடியிருந்தவர்களையும் ஒருவர் விடாமல் சோதித்தாள். செல்லரசி மட்டும் லேசாகத் துவர்த்தாள். எல்லாம் முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அமைப்பு நின்றது. எல்லாம் பச்சையாக இருந்தது.

மறுநாள் காலையில் காட்டுப்பாதையில் ஒரு அலமாரி நடந்து வந்தது. கிட்ட வந்த பிறகுதான் அது சிலுப்பன் என்று தெரிந்தது. ஒரு முள் விடாமல் புத்தகங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தான். கலைக்களஞ்சியங்களை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்தான். விலங்குகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. நூலக வாசலில் நிதானி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"உள்ளே வராதீங்கண்ணே."

"திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்."

"வேண்டாம். கொடுக்காதீங்க."

சிலுப்பன் கலைக்களஞ்சியத்தைக் கீழே போட்டான். "அவரு வந்து உட்கார்ந்துடுவாரும்மா!"

"திரும்ப வந்துடுச்சுன்னு திரையில நான் போட்டுடறேன். அவரு அதைத்தான் பார்ப்பாரு. புத்தகத்தை மட்டும் கொண்டுபோயிடுங்க. கும்பிட்டுக் கேக்கறேன். இந்தச் சுவருக்குள்ள இன்னும் எவ்வளவு கரையான் இருக்குன்னு எனக்கே தெரியாது."

"அன்னிக்குத் திருடன்னு சொன்னீங்க."

"ஆமாண்ணே. தயவுபண்ணி அப்படியே இருங்க."

சிலுப்பனுக்கு முகம் விழுந்துவிட்டது. "வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒழுங்கா நடந்துக்கலாம்னு வந்தேன்," என்று முனகினான்.

நிதானி கிட்டப் போய் அவன் முதுகிலிருந்த ஒரு புத்தகத்தைத் தொட்டாள். பிரித்தாள். முள் குத்திய ஓட்டை ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. ஆனால் பக்கம் இருந்தது, பக்கத்தில் எழுத்தும் இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அங்கேயே, எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் சிலுப்பன் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்றான்.

அந்த மென்பொருள் இன்றுவரை விழவில்லை. ராஜா அதற்கு விருது கொடுத்தார். பக்கத்துக் காடுகளிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கரையான்களைத் தேடிக்கொண்டு போனார்கள். யார் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் திரையில் 'உள்ளது' என்று வரும். அப்புறம் நிதானி மெல்லக் குனிந்து காதோடு சொல்வாள்.

"பாறைக்கு அடியில போய்க் கேளுங்க. கிடைச்சா எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஒரே நிபந்தனை, திருப்பிக் கொண்டாந்துடாதீங்க. பக்கத்து வீட்டுல கேட்டா கொடுங்க. அவங்ககிட்டயும் திருப்பி வாங்காதீங்க."

மானுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எடுத்த புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள மனசாட்சி உறுத்தியது. கெடு நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. நிதானி ஒவ்வொரு முறையும் விரட்டியடித்தாள். ஒருநாள் மான் வரவில்லை. "அவசரமில்லை, படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று கிளியிடம் சொல்லி அனுப்பியிருந்தது. அன்றைக்கு நிதானி மனம் நிறைந்து போனாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது இப்போதும் "போயிட்டு வரேன்" என்று சொல்கிறாள். அலமாரிகளைப் பார்த்துச் சொல்வதில்லை. காட்டைப் பார்த்துச் சொல்கிறாள்.

நீதி: நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எக்காரணம் கொண்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். அமைப்பு உறுதியானது, அது தாங்கிக்கொள்ளும்.